அந்தப் படத்தில் இருப்பது 1868 இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாரிஸ் நோத்ர தாம் தேவாலயம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கூரை, ஓக் மரம், விழுந்த கூம்புக் கோபுரம் என்று எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். அங்கிருக்கிற பெரிய பைப் ஆர்கனுக்கு வந்த இடத்தில்தான் பொறுக்கவில்லை. ஐந்து அடுக்குக் கட்டைகளோடு ஒரு பெரிய படம், அதன் அடியில் ‘1868-ல் செய்த ஆர்கன் தீயிலிருந்து தப்பிப் பழைய நிலைக்கே திரும்பியது’ என்று ஒரு வரி. ஒரு வரிக்குள் இத்தனை தப்பு எப்படி நுழைந்தது என்று தெரியவில்லை. அந்த ஆர்கன் 1868-ல் பிறந்தது இல்லை, படத்தில் இருக்கிற மேசை (வாசிப்பவர் உட்கார்ந்து கட்டைகளையும் குமிழ்களையும் இயக்குகிற இடம்) 1868-ல் செய்ததும் இல்லை, பழுது பார்த்தவர்கள் அதைக் கொண்டுபோய் நிறுத்தியதும் 1868-ல் இல்லை.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நான் வித்வான் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவனும் இல்லை. புதுக்கோட்டையில் என் அப்பா ஆர்மோனியம் பழுது பார்த்தார், அவருக்குப் பிறகு முப்பது வருஷம் நான் பார்த்தேன். ஸ்பெஷல் நாடகத்துக்குப் பின்பாட்டு வாசிக்கிறவர்கள் காலால் மிதிக்கிற பெரிய பெட்டியைக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்குவார்கள், திருவிழா சீசன் தொடங்குவதற்குள் முடித்துக் கொடு என்பார்கள். ரீட்டைச் சுரண்டுவது, துருத்தித் தோல் மாற்றுவது, பூச்சி அரித்த துணியை எடுத்துப் புதுசு ஒட்டுவது, இதுதான் என் பிழைப்பு. 2017-ல் மகளைப் பார்க்க பாரிஸ் போனபோது மருமகன் ஒரு ஞாயிறு காலை நோத்ர தாமுக்கு அழைத்துப் போனார். பூசை முடிந்து எல்லோரும் எழுந்து கிளம்புகிற நேரத்தில், முதுகுக்குப் பின்னால் உயரத்திலிருந்து அந்த ஆர்கன் முழுசாகத் திறந்தது. கை பிடித்திருந்த நாற்காலி அதிர்ந்தது. கடைசிச் சுரத்தை விட்ட பிறகு மனசுக்குள் எண்ணினேன், ஆறு எண்ணும் வரை ஒலி கூடத்திலேயே நின்றது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை.

ஆர்கன் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்மோனியத்தில் பித்தளை ரீட் பாடுகிறது, பைப் ஆர்கனில் குழல்கள் பாடுகின்றன. துருத்தியில் சேர்ந்த காற்று மரத்தால் செய்த ஒரு பெரிய காற்றுப்பெட்டிக்குப் போகும், அதன் தலையில் குழல்கள் வரிசை வரிசையாக நிற்கும், கட்டையை அழுத்தினால் அடியில் ஓர் அடைப்பு திறந்து அந்தக் குழலுக்குக் காற்று கிடைக்கும். முன்னால் இருக்கிற குமிழை இழுத்தால் ஒரு வரிசை பேசத் தயாராகும். அந்த வரிசைக்கும் குமிழுக்கும் சேர்த்து ஸ்டாப் என்று பெயர். நம்ம ஆர்மோனியத்தில் மூணு நாலு ஸ்டாப் இருந்தால் பெரிய பெட்டி என்போம். நோத்ர தாமில் இன்றைக்கு இருப்பது 115. குழல்கள் 8,000-க்கும் மேல். சின்னது பென்சிலைவிடக் குட்டி, பெரியது 32 அடி வகை, அதன் அடி சுரம் வினாடிக்குப் பதினாறு அதிர்வு, காதைவிட வயிறுதான் முதலில் கேட்கும்.

சரி, 1868 எங்கிருந்து வந்தது? அந்த வருஷம் மார்ச் 6-ஆம் தேதி அரிஸ்தீத் கவாயே-கோல் என்கிற மகா கைகாரர் தான் திருத்திக் கட்டிய ஆர்கனை 86 ஸ்டாப்புகளோடு அரங்கேற்றினார். திருத்திக் கட்டிய என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். அவர் கைவைத்தபோது அந்த மேற்கு மாடத்தில் ஏற்கெனவே ஓர் ஆர்கன் இருந்தது. அங்கே முதலில் ஆர்கன் வைத்தது 1403-ல், ஷம்பான்ட்ஸ் என்பவர். அதை அவ்வப்போது மாற்றிக்கொண்டே வந்து, 1733-ல் பிரான்சுவா தியெரி ஏறக்குறைய புதிதாகவே செய்தார். நீங்கள் தேவாலயத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மர முகப்பு அவர் காலத்தியது. 1780-களில் க்ளிக்கோ என்ற ஆர்கன் செய்பவர் வந்தார். இந்தக் க்ளிக்கோ எக்காளக் குழல்களில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அவர் வேலையை முடித்து வருஷம் ஒன்றுதான் ஆகியிருக்கும், பிரெஞ்சுப் புரட்சி வந்துவிட்டது.

புரட்சிக்காரர்கள் நோத்ர தாமைப் பகுத்தறிவுக் கோயில் ஆக்கினார்கள், 1793-ல். முகப்பில் வெளியே நின்ற அரசர் சிலைகளின் தலையெல்லாம் உருண்டது. ஊரெங்கும் சர்ச்சுகளில் இருந்த ஆர்கன்களின் ஈயமும் தகரமும் உருக்கப் போயின. இது மட்டும் தப்பியது. ஆர்கன்காரர்கள் புரட்சிப் பாட்டுகளை வாசித்ததால்தான் தப்பியது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு இதை நம்பப் பிடிக்கும், ஏனென்றால் எங்கள் பக்கத்திலும் நாடகக்காரர்கள் எந்தக் கட்சி மேடை போட்டாலும் பெட்டியை வைத்து வாசித்துவிட்டுத்தான் வருவார்கள்.

கவாயே-கோல் வந்தபோது இதையெல்லாம் தூக்கி எறியவில்லை. க்ளிக்கோவின் குழல்களில் நிறைய வைத்துக்கொண்டார், தியெரியின் முகப்பையும் வைத்துக்கொண்டார், உள்ளே இருந்த வயிற்றைத்தான் மாற்றினார். பாஸுக்கு ஓர் அழுத்தக் காற்று, மேல் சுரங்களுக்கு வேறு அழுத்தம், ஒரு பகுதிக் குழல்களை மரக்கூண்டுக்குள் வைத்துக் காலால் ஜன்னல் திறந்து மூடி ஒலியைக் கூட்டிக் குறைப்பது என்று பல வேலை. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பார்க்கர் லீவர். இதை ஆர்மோனியம் வாசிக்கிறவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். நம்ம பெட்டியில் கப்ளர் போட்டால், ஒரு கட்டையை அழுத்தும்போது அதோடு எட்டாவது கட்டையும் சேர்ந்து இறங்கும், ஒலி ரெண்டு மடங்கு, விரலுக்குப் பாரமும் ரெண்டு மடங்கு. இதையே ஐந்து அடுக்குக் கட்டைகளையும் பிணைத்துச் செய்தால்? ஒரு விரலால் ஐந்து அடைப்பைக் காற்றழுத்தத்துக்கு எதிராகத் திறக்க வேண்டும், விரலில்லை, முஷ்டி வேண்டும். சார்லஸ் பார்க்கர் என்ற இங்கிலாந்துக்காரர் ஒவ்வொரு கட்டைக்கும் குட்டித் துருத்தி ஒன்று வைத்தார். விரல் அந்தத் துருத்தியைத் திறந்தால் போதும், அது உப்பி மிச்சப் பாரத்தை இழுத்துக்கொள்ளும். சொந்த ஊரில் யாரும் சீந்தவில்லை. பிரான்சுக்கு வந்தார், செயின்ட் தெனி தேவாலயத்தில் 1841-ல் முடித்த ஆர்கனில் கவாயே-கோல் இதைப் போட்டார், அதற்குப் பிறகுதான் பெரிய பெரிய ஆர்கன்களே சாத்தியமாயின. காற்றுக்கு எதிரான வேலையைக் காற்றையே வைத்துச் செய்ய வைத்த மூளை. எங்கள் அப்பா இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

இன்னொன்று, கொஞ்சம் தள்ளிப் போகிறேன். கவாயே-கோல் இளம் வயதில் துலூஸில் ரீட் வைத்த சின்னப் பெட்டி ஒன்று செய்திருந்தார், அதைக் கேட்டுத்தான் இசையமைப்பாளர் ரோசினி அவரை பாரிஸுக்குப் போகச் சொன்னார். அதே பாரிஸில்தான் 1840-களில் தெபேன் என்பவர் ஆர்மோனியம் என்ற பெயரில் ரீட் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார், அது கப்பலேறி வந்து, கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கையில் சிக்கி, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கிற பெட்டியாச்சு. அதாவது நான் முப்பது வருஷம் சுரண்டியது அந்த ஊர்க்காரர்கள் குடும்பத்துச் சாமானைத்தான். ஏன் இவ்வளவு உரிமையோடு கடிதம் எழுதுகிறான் என்று இப்போது புரிந்திருக்கும்.

1868-க்குப் பிறகாவது சும்மா விட்டார்களா என்றால் இல்லை. ஒரு சாமானை அந்தக் காலத்திலேயே இழந்தும் விட்டோம்: வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால், மாடத்துக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்த சின்ன முகப்பு. வியோலெ-லெ-டுக் என்ற கட்டடக் கலைஞர் தேவாலயத்தைப் புதுப்பித்தபோது அதை எடுத்துவிட்டார்கள். பழைய படங்களில் பார்த்தால் தாய்க்கு முன்னால் குழந்தை நிற்கிற மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் இந்த 600 வருஷத்தில் செய்ததிலேயே இதுதான் மன்னிக்க முடியாதது, ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

1900-ல் லூயி வியெர்ன் அங்கே ஆர்கன் வாசிப்பவராக வந்தார். பிறவியிலேயே கிட்டத்தட்ட பார்வை இல்லாதவர். ஆர்கன் பழுதாகிக்கொண்டே போக, பணம் இல்லை. 1924-ல்தான் மின்சார ஊதுவான் வந்தது, ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் தலைவர் கிளாட் ஜான்சன் பணம் கொடுத்தார். அதுவரை ஆள் வைத்து மிதிப்பதுதான், வாசிப்பவர் ஒருவர், வேர்ப்பவர் பலர். மிச்சத்துக்குப் பணம் திரட்ட வியெர்ன் 1927-ல் அமெரிக்கா போய் ஊர் ஊராக வாசித்தார். அறுபதை நெருங்கிய வயது, கண் தெரியாது, ஆர்கனுக்காகக் கச்சேரிப் பயணம். 1932-ல் ஒருவழியாக வேலை நடந்தது. 1937 ஜூன் 2-ஆம் தேதி தன் 1,750-ஆவது கச்சேரியில், ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததற்கு ஸ்டாப்புகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்து போனார். கால் பட்டு, காலால் வாசிக்கிற கால் பலகையில் ஒரு சுரம் ஒலித்துக்கொண்டே இருந்தது என்பார்கள். அவர் ஆசைப்பட்டது அந்த இடத்தில்தான் சாக வேண்டும் என்று.

அப்புறம் 1955-ல் அந்த இடத்துக்கு பியேர் கொஷெரோ வந்தார். இவர் எழுதி வைத்ததை வாசிப்பதைவிட, அந்த நிமிஷம் தோன்றுவதை வாசிப்பதில் சூரர். நம்ம ஊரில் பிறந்திருந்தால் ராகம் தானம் பல்லவிக்கு மட்டும் கூப்பிடுவார்கள். அவருக்கு ஆர்கன் இன்னும் வேகமாக, இன்னும் கூர்மையாக வேண்டும். 1959-லிருந்து 1963 வரை வேலை செய்து, பார்க்கர் லீவர்களைக் கழற்றிவிட்டு மின்சார இணைப்பு கொடுத்தார்கள், புது மேசை வைத்தார்கள், செய்தவர் ஜான் எர்மான். போச்சு, 1868-ன் குட்டித் துருத்திகள் போச்சு. அதற்கு மேல் 1968-லிருந்து, குழல்களை நிற்க வைக்காமல் முகப்பிலிருந்து கூட்டத்தை நோக்கி நீட்டிப் படுக்க வைத்த எக்காளங்கள் வேறு. கவாயே-கோல் ரசிகர்கள் இதற்காகக் கொஷெரோவைத் திட்டாத நாளில்லை.

நானும் திட்டிக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் படித்துவிட்டுத் திட்டினேன். பிறகு ஒருநாள்தான் உறைத்தது, 2017-ல் என் நாற்காலியை அதிர வைத்ததில் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்த அந்த எக்காளச் சத்தம் இருக்கிறதே, அது கவாயே-கோலுடையதே இல்லை, இந்தப் படுக்கை எக்காளங்கள்தான். எது ‘பழைய’ ஆர்கனைக் கெடுத்தது என்று நினைத்தேனோ அதைக் கேட்டுத்தான் எனக்குப் பைத்தியமே பிடித்திருக்கிறது. இதற்கு மேல் நான் யாரைத் திட்டுவது?

1990-லிருந்து 1992 வரை இன்னொரு பெரிய வேலை, கணினி புகுந்தது. 2012-லிருந்து 2014 வரை மறுபடி சுத்தம், மறுபடி ஒரு புது மேசை. இங்கே ஒரு சின்ன விஷயம், பழுது பார்க்கிறவன் கண்ணுக்கு மட்டும் படுவது. 1960-களின் மேசையில் இருந்த ஸ்டாப் குமிழ்களை 1992-ன் மேசைக்கு மாற்றினார்கள், அங்கிருந்து 2014-ன் மேசைக்கும் மாற்றினார்கள். கால் பலகையும் அப்படியே கூட வந்தது. மரம் மாறியது, கம்பி மாறியது, மூளை மாறியது, விரல் பழகிய குமிழ் மாறவில்லை. நானும் அதைத்தான் செய்வேன். பின்பாட்டுக்காரர் ஒருவர் பெட்டியை மொத்தமாக மாற்றிவிடு, ஆனால் கட்டை மட்டும் பழைய கட்டையே இருக்கட்டும் என்பார், அவர் விரலுக்குத் தெரியும்.

தீ வந்தது 2019 ஏப்ரல் 15. உங்கள் கட்டுரையில் ‘தீயிலிருந்து தப்பியது’ என்பது சரிதான். ரெண்டு கல் கோபுரங்களுக்கு நடுவில் நிற்கிறது, தீயணைப்பு வீரர்கள் அந்தக் கோபுரங்களைப் போராடிக் காப்பாற்றினார்கள், தண்ணீரும் அதிகம் படவில்லை. பீடத்துப் பக்கம் இருந்த சின்ன ஆர்கன்தான் நனைந்து பாழானது. ஆனால் கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகடு 400 டன்னுக்கு மேல் உருகிப் போனதே, அதன் மஞ்சள் தூசு பெரிய ஆர்கனின் ஒவ்வொரு குழல் வாய்க்குள்ளும் இறங்கிவிட்டது. குழல்களே ஈயமும் வெள்ளீயமும் கலந்து செய்தவைதான், ஈயத்தால் செய்த சாமானை ஈயத் தூசிலிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கும். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு வேடிக்கை இல்லை, முகமூடி, முழு உடை, வெளியே வரும்போதெல்லாம் குளியல். கூரை இல்லாத கட்டடத்தில் அந்த வருஷக் கோடையின் வெயில் வேறு. மரமும் தோலும் என்ன பாடு பட்டிருக்கும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

2020 ஆகஸ்டில் தொடங்கி, முதலில் மேசையை எடுத்து, டிசம்பருக்குள் குழல்களை எல்லாம் இறக்கினார்கள். தியெரியின் மர முகப்பை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுச் சுத்தம் செய்தார்கள். குழல்கள் பட்டறைகளுக்குப் போய், ஒவ்வொன்றாகத் துடைத்து, காற்றுப்பெட்டிகளுக்குத் தோல் மாற்றி, 2023-ல் திரும்பி ஏறின.

இந்த இடத்தில்தான் ‘பழைய நிலை’ கேள்வி வருகிறது. எல்லாம் கழற்றிப் போட்டாயிற்று, மேலே வெறும் மரக்கூடு. இதைவிட வசதியான நேரம் கிடைக்காது. கொஷெரோவின் எக்காளங்களைத் தூக்கிவிட்டு, பார்க்கர் லீவர்களைத் திரும்பச் செய்து வைத்து, 1868-க்கே போயிருக்கலாம். போகவில்லை. தீக்கு முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியே, தியெரியின் முகப்பு, க்ளிக்கோவின் குழல், கவாயே-கோலின் குரல், கொஷெரோவின் எக்காளம், கணினி, எல்லாவற்றோடும் திரும்ப வைத்தார்கள். 1868 என்றால் க்ளிக்கோ ஆட்கள் 1788 என்பார்கள், தியெரி ஆட்கள் 1733 என்பார்கள், எங்கே போய் நிற்பது? அவர்கள் செய்தது சரி என்பது என் கட்சி. உங்கள் கட்டுரை சொல்கிற மாதிரி 1868-க்குப் போயிருந்தால் எனக்கு அது வேறு ஆர்கன்.

சுருதி சேர்த்ததைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம். மாதக்கணக்கில் சேர்த்தார்கள், ராத்திரியில். பகலில் தச்சர்களும் கொத்தர்களும் இருக்கிற இடத்தில் சுருதி எங்கே கேட்கும். வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே குழல்களின் சுருதி நகரும், நாக்கு வைத்த எக்காளக் குழல்கள் அவ்வளவு நகராது, அதனால் ஒன்றோடு ஒன்று பிணங்கும். நாகஸ்வரக்காரரிடம் கேளுங்கள், வாசிக்க வாசிக்கக் குழல் சூடேறி சுருதி ஏறுகிற கதையைச் சொல்வார். ஆர்கன் சுருதிக்கு ஒருத்தர் மேசையில் உட்கார்ந்து கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் உள்ளே குழல்களுக்கு நடுவில் நின்று தட்டியும் நீட்டியும் சரி செய்ய வேண்டும். எங்கள் கடையில் கட்டையை அழுத்துகிறவன் நான், ரீட்டைச் சுரண்டுகிறவர் அப்பா. நுனியில் சுரண்டினால் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும், ‘போதும்டா, விடு’ என்று அவர் சொல்லும் வரை விரலை எடுக்கக் கூடாது. எட்டாயிரம் குழலுக்கு அதைச் செய்திருக்கிறார்கள்.

2024 டிசம்பர் 7-ஆம் தேதி இரவு, பேராயர் கீழே நின்று ‘எழுந்திரு’ என்று ஆர்கனைப் பார்த்துச் சொல்ல, எட்டு தடவை அவர் அழைக்க, எட்டு தடவையும் அது பதில் சொன்னது, நாலு ஆர்கன்காரர்கள் மாறி மாறி வாசித்தார்கள். திருப்பள்ளியெழுச்சி தெரிந்த நமக்கு இது அந்நியமாகவே இருக்காது. மகள் போனில் நேரலையைக் காட்டினாள். போன் ஸ்பீக்கரில் 32 அடிக் குழலைக் கேட்பது குண்டூசி முனையில் தேர் நிற்பதைப் பார்ப்பது மாதிரிதான், ஆனாலும் முழுசும் கேட்டேன்.

திருத்தம் போடுவதாக இருந்தால் படத்தின் அடியில் இப்படிப் போடுங்கள்: மேசை 2014, குமிழ்கள் 1960-கள். முகப்பின் படமும் உங்களிடம் இருந்தால் அதையும் போட்டு, அதன் அடியில் 1733 என்று எழுதுங்கள். இடம் இல்லை என்றால் அந்த 1868-ஐ மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஆர்மோனியக் கடைக்காரன்,
புதுக்கோட்டை